வட்டத்துக்கும் உண்டு ஸீரோ எரர்!

மூன்றாம் ஆண்டு மாணவன், கணிப்பொறிப் பிரிவு

ஆண்டு மலர் என்றால் காதல் கவிதை நாலு, அம்மாவைப் பற்றி ஆறு, வேலையில்லாத் திண்டாட்டம் பற்றி ஒரு கட்டுரை, கடைசிப் பக்கத்தில் கடி ஜோக்கு என்று இருக்க வேண்டும். நான் எழுத வந்திருப்பதோ, கம்ப்யூட்டரில் படம் வரையும்போது பிரஷ் இருக்கும் இடத்தில் ஒரு சின்ன வட்டம் தெரியுமே, அந்தக் கர்சரைப் பற்றி. "அதைப் பத்தி எழுத என்னடா இருக்கு, நாலு வரியில முடிஞ்சிடும்" என்று மலர்க் குழுவிலேயே சிரித்தார்கள். இருக்கிறது. ஒருவனுடைய ஒரு வருஷம் அந்த வட்டத்தோடு போயிருக்கிறது. அதில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். நம் மல்டிமீடியா லேபில் கதவுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: "செட்டிங்ஸைத் தொடாதீர்." அதில் இன்னும் இரண்டு சொல் சேர்க்க வேண்டும்: "கர்சரைத் தவிர." இவ்வளவுதான் என் கோரிக்கை. பஸ் பாஸ், கேன்டீன் விலை போல இதற்காக யாரும் கொடி பிடிக்கப்போவதில்லை. ஆனாலும் இது நியாயமான கோரிக்கை என்று உங்களை ஒப்புக்கொள்ள வைக்காமல் விடப்போவதில்லை.

முதலாண்டு ஒர்க்‌ஷாப்பை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்ததும் நம்ம சார் என்ன சொன்னார்? "உடனே அளக்காதே. முதல்ல ரெண்டு தாடையையும் சேர்த்து வை. பூஜ்யம் பூஜ்யத்தோட சேருதான்னு பாரு." சேரவில்லை என்றால் அதுதான் ஸீரோ எரர். அதைக் கழிக்காமல் எழுதிய ரீடிங் ஒவ்வொன்றும் தப்பு, எவ்வளவு கவனமாக அளந்தாலும் தப்பு. டிராயிங் ஹாலிலும் இதே கதைதான். மினி டிராப்டரை போர்டில் மாட்டி, கிடைக்கோடு சரியாக நிற்கிறதா என்று பார்க்காமல் யாராவது கோடு போட்டோமா? பென்சில் முனையைச் சீவாமல் ஷீட்டில் கை வைத்தால் அந்த சார் கையைத் தட்டிவிடுவார்.

அதே நாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், கருவி எப்படி வைக்கப்பட்டிருக்கிறதோ அப்படியே எடுத்துக்கொள்கிறோம். முனை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. அந்த வட்டம் காட்டும் இடத்தில்தான் நிறம் விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம். வட்டம் எப்போதும் உண்மை சொல்வதில்லை நண்பர்களே! போட்டோஷாப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிரிபரன்ஸில் கர்சர்ஸ் என்று ஒரு பக்கம் உண்டு. அங்கே 'நார்மல் பிரஷ் டிப்', 'ஃபுல் சைஸ் பிரஷ் டிப்' என்று இரண்டு இருக்கும். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், வித்தியாசம் பெரிது. நார்மலில் வைத்தால், பிரஷ்ஷின் வேகம் பாதியாகக் குறைகிற எல்லையில், அதாவது ஏறத்தாழ 50 சதவீதத்தில் வட்டம் போடுகிறது. அதற்கு வெளியேயும் நிறம் மெல்லிசாகப் பரவும். ஃபுல் சைஸில் வைத்தால்தான் நிறம் எட்டும் இடம் கிட்டத்தட்ட முழுவதும் வட்டத்துக்குள் அடங்கும். கெட்டியான விளிம்புள்ள பிரஷ் என்றால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான், யாருக்கும் எதுவும் தெரியாது. மெத்தென்ற பிரஷ்ஷை எடுத்தால்தான் குட்டு வெளிப்படும்.

எங்கள் செட்டில் ஒருத்தி தன் தாத்தாவின் பழைய போட்டோவைச் சரி செய்துகொண்டிருந்தாள். கன்னத்தில் இருந்த கறையை எடுக்க மெல்லிய பிரஷ். வட்டம் காதைத் தொடவே இல்லை. ஆனால் நாலு தடவை தேய்த்த பிறகு பார்த்தால், காது ஓரம் புகை படிந்த மாதிரி மங்கிப்போயிருந்தது. "நான் அங்க தொடவே இல்லையே!" என்று அழாத குறை. உண்மைதான், அவள் தொடவில்லை. வட்டத்துக்கு வெளியே இருந்த பாதி தொட்டிருந்தது. இது அவள் தப்புமில்லை, போட்டோஷாப்பின் தப்புமில்லை. எது எந்தக் கணக்கில் போட்ட வட்டம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இதைத்தான் ஸீரோ எரர் என்கிறேன்.

கேப்ஸ் லாக் விஷயம் இன்னும் வேடிக்கை. போட்டோஷாப்பில் கேப்ஸ் லாக் விழுந்திருந்தால் பிரஷ் வட்டம் மறைந்து, துல்லியக் கர்சரான கூட்டல் குறி வந்துவிடும். எந்த அளவு பிரஷ் எடுத்தாலும் அதே குறிதான். போன செமஸ்டர் பிராக்டிகலில் ஒருவன் தலைப்பைப் பெரிய எழுத்தில் அடித்துவிட்டு கேப்ஸ் லாக்கை அப்படியே விட்டுவிட்டான். அப்புறம் பிரஷ்ஷை எடுத்தால் வட்டம் இல்லை. சதுர அடைப்புக்குறிக் கீயை அழுத்தி அழுத்தி பிரஷ்ஷைப் பெரிதாக்கிப் பார்க்கிறான், கர்சர் அசைந்து கொடுக்கவில்லை. மெஷின் போச்சு என்று எக்ஸ்டர்னலைக் கூப்பிட்டான். அவர் வருவதற்குள் பயத்தில் மவுஸ் ஒரு அழுத்து அழுத்த, படத்தில் பாதி நீலமாகிவிட்டது! வைவாவில் அவனிடம் முதல் கேள்வியே "கேப்ஸ் லாக் என்றால் என்ன?" என்பதுதான்.

சரி, சிரித்தது போதும். நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

சிவில் பிரிவில் எனக்கு ஒரு வருஷம் ஜூனியர் ஒருவன். பேர் வேண்டாம் என்றான், போடவில்லை. தடிமனான கண்ணாடி, ஒரு கண்ணில் பார்வை ரொம்பக் குறைவு. ஆனால் போஸ்டர் கலரை அவன் கையில் கொடுத்துப் பாருங்கள்! பேரவை நடத்திய டிஜிட்டல் ஓவியப் போட்டிக்கு ஆசையாகப் பேர் கொடுத்தான். நான் அன்று வாலண்டியர், பேட்ஜ் எல்லாம் குத்திக்கொண்டு மிதப்பாக நின்றுகொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம், தலைப்பு 'விடியல்'. மவுஸும் ஒரு பென் டேப்லெட்டும் அவனுக்குக் கொடுத்தோம்.

வெள்ளைத் தாள் கண்ணை ஏமாற்றும், முதலில் ஒரு நடுத்தரச் சாம்பல் பூசிக்கொண்டால்தான் எது வெளிச்சம் எது நிழல் என்று பிடிபடும் என்று அவனுடைய பள்ளி டிராயிங் மாஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். நல்ல பழக்கம், ஓவியர்கள் பலரும் செய்வதுதான். அவனும் அப்படியே திரை முழுக்கச் சாம்பல் பூசினான். பூசியதும் கர்சர் காணாமல் போய்விட்டது!

ஏன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இப்போது தெரியும், சொல்கிறேன். எந்த நிறத்தின் மேல் போனாலும் வட்டம் தெரிய வேண்டும் அல்லவா? கறுப்பு வட்டம் என்றால் கறுப்பில் தெரியாது. வெள்ளை வட்டம் வெள்ளையில் தெரியாது. அதற்குப் புரோகிராம் எழுதுகிறவர்கள் வெகுகாலமாகக் கையாளும் ஒரு தந்திரம், கீழே உள்ள நிறத்தைத் தலைகீழாக்கிக் காட்டுவது. ஒவ்வொரு பிக்ஸலுக்கும் 0 முதல் 255 வரை மதிப்பு. 255-லிருந்து அதைக் கழித்தால் தலைகீழ். கறுப்பு 0, கழித்தால் 255, வெள்ளை. வெள்ளை 255, கழித்தால் 0, கறுப்பு. அருமையான ஏற்பாடு. ஆனால் நடுச்சாம்பல் 128. கழித்துப் பாருங்கள்: 127! 128-க்கும் 127-க்கும் வித்தியாசம் காண எந்தக் கண்ணாலும் முடியாது, நம் ஹெச்.ஓ.டி.யின் கண்ணாலும் முடியாது. இரு முனைகளிலும் பளிச்சென்று தெரிகிற வட்டம், ஓவியனுக்கு அதிகம் தேவைப்படும் நடுவில் அடியோடு மறைந்துவிடும். அன்று லேபில் போட்டிருந்த பழைய புரோகிராம் இந்த ரகம்.

மவுஸும் பென் டேப்லெட்டும் வைத்து வரைகிறவனுக்குக் கர்சர் மறைவது என்றால் என்ன என்பதை யோசியுங்கள். காகிதத்தில் வரையும்போது கையும் கண்ணும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பிரஷ்ஷின் முனையைப் பார்த்துக்கொண்டே வைக்கிறோம். பென் டேப்லெட்டில் கை மேஜை மேல், கண் திரை மேல். இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கும் ஒரே கயிறு அந்தக் கர்சர்தான். பேனா பலகையைத் தொடுவதற்கு முன்பே, சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்போதே, பலகை அதை உணர்ந்து கர்சரை நகர்த்துகிறது. "நீ இப்போ இங்க இருக்கே, வைக்கலாம்" என்று சொல்லத்தான் அந்த ஏற்பாடு. அது தெரியாவிட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு உறியடிப்பது மாதிரிதான்.

அவன் பேனாவை அங்கேயும் இங்கேயும் ஆட்டித் தேடினான். முகத்தைத் திரைக்கு அரை அடிக்குள் கொண்டுபோனான். மானிட்டர் வெளிச்சத்தைக் கூட்டினான். அப்புறம் என்னைப் பார்த்து, "அண்ணே, கர்சர் தெரியல" என்றான்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? குனிந்து பார்த்திருக்க வேண்டும். நான் சொன்னது இது: "கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாருடா."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். உண்மையிலேயே கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தான். பத்து நிமிஷம் கழித்து எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு ஒரு வருஷம் லேபுக்குள் வரவில்லை. கம்ப்யூட்டர் படம் தன் கண்ணுக்குச் சரிப்படாது என்று வீட்டிலும் சொல்லிவிட்டான். அனிமேஷன் கோர்ஸ் சேர்த்துவிட இருந்த அவனுடைய மாமாவும் அந்த யோசனையை விட்டுவிட்டார்.

இந்த வருஷம் ஆண்டு மலர் அட்டைக்காக நான் வரையக் கற்றுக்கொண்டபோதுதான், அன்று நடந்தது என்ன என்று எனக்கு உறைத்தது. ஒரு ராத்திரி, விடுதி அறையில், என் லேப்டாப் திரையில், சாம்பல் பின்னணியில் என் வட்டமும் காணாமல் போனது. எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். துடைக்க என்னிடம் கண்ணாடியும் இல்லை.

மறுநாள் அவனைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்ட கதையை இங்கே எழுதவில்லை. டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தேன் என்று மட்டும் பதிவு செய்கிறேன். அப்புறம் இருவரும் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தோம். முதலில் அவன் விண்டோஸ் செட்டிங்ஸில் போய் மவுஸ் அம்பைப் பெரிதாக்கினான். விண்டோஸில் அந்த வசதி உண்டு, நிறம்கூட மாற்றலாம். மெனுவில் அம்பு யானை மாதிரி வந்தது. படத்துக்குள் போனால் பழையபடி நூல் மாதிரி வட்டம்! காரணம், அம்பு விண்டோஸுடையது. பிரஷ் வட்டத்தை வரைவது அந்தந்தப் புரோகிராம். விண்டோஸ் சொல்வது அங்கே செல்லாது. வட்டத்தை மாற்ற வேண்டுமானால் புரோகிராமுக்குள்ளேதான் போக வேண்டும்.

நாங்கள் போன புரோகிராம் கிரிட்டா. (கிருதா இல்லை, கிரிட்டா! ஸ்வீடன்காரர்களின் மொழியில் சாக்பீஸ், கிரேயான் என்று பொருள்.) இலவசம். 2005-ல் முதல் வெளியீடு. சோர்ஸ் கோடும் திறந்து கிடக்கிறது, நம் பிரிவு ஆட்கள் இறக்கிப் படிக்கலாம். அதன் கான்ஃபிகர் பகுதியில் ஜெனரல், அதற்குள் கர்சர். திறந்த உடனே எனக்கு ஏற்பட்ட ஆச்சரியத்தை என்ன சொல்ல! கர்சரின் வடிவம் தனி, அதைச் சுற்றி வரும் கோட்டின் வடிவம் தனி என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வடிவத்தில் அம்பு, கிராஸ்ஹேர், சின்ன வட்டம், ஒரே ஒரு கறுப்புப் பிக்ஸல், ஒரே ஒரு வெள்ளைப் பிக்ஸல், வலதுகை முக்கோணம், இடதுகை முக்கோணம், ஒன்றுமே வேண்டாம் என்றால் அதுவும்! கோட்டில், கோடே வேண்டாம், வெறும் வட்டம், பிரஷ்ஷின் உண்மையான உருவம், பேனா சாய்ந்திருக்கும் பக்கத்தைக் காட்டும் கோடு. இதுபோக, கர்சருக்கு நிறமும் நாமே கொடுக்கலாம். கோட்டின் நிறத்தைப் படத்தோடு கலந்துதான் காட்டுவார்கள், சில மெஷின்களில் டிரைவர் கோளாறால் அந்தக் கலப்பு சரியாக வராது, அப்போது உங்களுக்குப் பிடித்த நிறத்தை வையுங்கள் என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். அதாவது கர்சர் தெரியாமல் போகலாம் என்பது செய்தவர்களுக்குத் தெரியும். வாலண்டியராக நின்ற எனக்குத்தான் தெரியாமல் போயிருக்கிறது.

அவனுக்கு வடிவம் கிராஸ்ஹேர், கோடு வட்டம், நிறம் அவன் கண்ணுக்கு எது எடுப்போ அது என்று மாற்றி மாற்றிப் பார்த்து முடிவு செய்தோம். எட்டு நிமிஷம் ஆயிற்று. ஒரு வருஷத்துக்கு எட்டு நிமிஷம்!

இன்னொன்றையும் அன்று பார்த்தோம். பென் அழுத்தத்துக்குத் தக்கபடி பிரஷ் பெருத்துச் சிறுக்கும்போது வட்டமும் கூடவே பெருத்துச் சிறுத்து, துடிக்கிற மாதிரி இருக்கும். அது அவன் கண்ணை ரொம்பத் தொந்தரவு செய்தது. வரையும்போது வட்டம் எப்போதும் பிரஷ்ஷின் முழு அளவிலேயே நிற்கும்படி செய்ய அதே பக்கத்தில் ஒரு டிக் இருக்கிறது. போட்டதும் அமைதி. என்னைக் கேட்டால், நல்ல பார்வை உள்ளவர்களும் ஒருமுறை அதைப் போட்டுப் பார்க்கலாம்.

நம் லேப் மெஷின்களுக்கு வேறொரு நோய். வட்டம் பேனாவுக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். "பேனா ஸ்லோ" என்று எல்லோரும் பேனாவைத் திட்டுகிறோம். பேனா மேல் பழி போடுவதற்கு முன் ஒரு சோதனை: கோட்டை அணைத்துவிட்டு வெறும் அம்பை மட்டும் வைத்துப் பாருங்கள். சாதாரண அம்பு, கிராஸ்ஹேர் போன்றவற்றைக் கிராஃபிக்ஸ் கார்டு தனியே வைத்துக்கொண்டு படத்தின் மேல் மிதக்கவிடுகிறது. அது நகர்வதற்காகப் படத்தை மறுபடி வரைய வேண்டியதில்லை. பிரஷ் வட்டத்தைப் புரோகிராம் ஒவ்வொரு தடவையும் படத்தோடு சேர்த்து வரைகிறது. திரை நொடிக்கு 60 தடவை புதுப்பித்தால் ஒரு தடவைக்கு 16.7 மில்லிசெகண்ட். வட்டம் மூன்று தடவை பின்தங்கினால் 50 மில்லிசெகண்ட். அந்த நேரத்தில் கர்சர் நொடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தால், வட்டம் ஒரு முழு சென்டிமீட்டர் பின்னால் நிற்கும். வெர்னியரில் 0.02 மில்லிமீட்டருக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு அளக்கிற நாம், இங்கே ஒரு சென்டிமீட்டரைக் கண்டுகொள்ளாமல் விடுகிறோம்! பழைய மெஷினில் பெரிய, சிக்கலான உருவமுள்ள பிரஷ்ஷும் அதன் உண்மை உருவக் கோடும் சேர்ந்தால் இந்த நொண்டல் இன்னும் கூடும். வெறும் வட்டத்துக்கு மாறுங்கள், அல்லது கோட்டையே எடுத்துவிடுங்கள்.

இடதுகைக்காரர்களை மறக்கக் கூடாது. கம்ப்யூட்டர் அம்பு ஏன் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? முனை இடது மேலே, உடம்பு வலது கீழே. வலதுகையில் பேனா பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி. இடது கையால் வரைகிறவருக்கு அந்த உடம்பு தப்பான பக்கத்தை மறைக்கும். கிரிட்டாவில் இடதுகை முக்கோணம் இருப்பதும், ஜிம்ப் பிரிபரன்ஸில் கர்சர் எந்தக் கைக்கு என்று தேர்ந்தெடுக்க ஓர் இடம் இருப்பதும் சும்மா இல்லை. எந்த ஊரிலோ உட்கார்ந்து புரோகிராம் எழுதியவர்கள் இடதுகைக்காரர்களை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். நம் பிரிவில் மட்டும் எனக்குத் தெரிந்து மூன்று பேர் இருக்கிறார்கள், நாம் நினைத்துப் பார்த்ததில்லை.

ஒரு சின்னப் பழங்கதை. 1963-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் என்பவர் டாக்டர் பட்டத்துக்காக 'ஸ்கெட்ச்பேட்' என்ற வரைகலைப் புரோகிராமை எழுதினார். திரையில் லைட் பேனாவை வைத்து வரைய வேண்டும். பேனா எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, கம்ப்யூட்டர் திரையில் ஒளியால் ஒரு சிலுவைக் குறி போடும். அந்தக் குறியின் எந்தப் பகுதி பேனாவின் கண்ணில் படுகிறது என்பதை வைத்துக் குறியை நகர்த்தும். பேனாவைச் சடாரென்று உதறி இழுத்தால் குறி தொடர முடியாமல் கைவிட்டுவிடும்; அந்த உதறலையே 'கோடு முடிந்தது' என்பதற்கு அடையாளமாக வைத்துக்கொண்டார். அன்றைக்கு மனிதனைத் தொலைக்காமல் இருக்க மெஷினுக்குத் தேவைப்பட்டது கர்சர். இன்றைக்கு மெஷினுக்கு அது தேவையில்லை. நமக்காக மட்டுமே போடுகிறார்கள். நமக்காகப் போடுவது நமக்குத் தெரிகிற மாதிரி இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பேரவையில் என்னை விடமாட்டார்கள். ஒரு சார் சொன்னார்: "வரையத் தெரிஞ்சவன் கரித்துண்டு கிடைச்சாலும் வரைவான். தெரியாதவன்தான் செட்டிங்ஸை நோண்டுவான்." இதில் பாதி உண்மை. நாள் முழுக்கக் கர்சரை மாற்றி மாற்றி வைத்துவிட்டு ஒரு கோடுகூடப் போடாமல் எழுந்துபோகும் மகான்கள் நம் வகுப்பில் உண்டு. திரை மேலேயே பேனா வைத்து வரையும் விலையுயர்ந்த சாதனங்களில் கர்சரே வேண்டாம் என்று மறைத்துவிட்டு வரையும் ஓவியர்களும் உண்டு. அவர்களுக்குப் பேனா முனை நேராகத் தெரிகிறது. ஆனால் சார், கரித்துண்டில் முனை தெரியும்! தெரிகிற முனையை வைத்துக்கொண்டு, தெரியாத முனையோடு போராடுகிறவனுக்கு அறிவுரை சொல்வது சுலபம். நான் சொன்ன அறிவுரையும் அந்த ரகம்தானே.

லேப் அசிஸ்டன்ட் அண்ணனின் வாதம் இதைவிடப் பலமானது. அந்தத் தாளை அவர் சும்மா ஒட்டவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு புண்ணியவான் கர்சர் வடிவத்தில் 'ஒன்றுமே வேண்டாம்' என்பதையும், கோட்டில் 'கோடே வேண்டாம்' என்பதையும் தேர்ந்தெடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த பேட்ச் வந்து உட்கார்ந்தால் திரையில் எதுவுமே இல்லை. பேனா ரிப்பேர் என்று பேனாவை மாற்றி, கேபிளை மாற்றி, டிரைவரை மறுபடி ஏற்றி, இரண்டு பீரியட் போயே போச்சு. (செய்தவர் யார் என்று எழுத மாட்டேன். அவர் இந்த மலரின் ஆசிரியர் குழுவில் இருக்கிறார்.)

ஆகவே "எல்லாரும் எதையும் மாற்றலாம்" என்று நான் கேட்கவில்லை. நம் லேபில் எல்லோருக்கும் ஒரே லாகின் என்பதால் இந்தக் குழப்பம். கிரிட்டா தன் அமைப்புகளை 'கிரிட்டாஆர்சி' என்ற ஒரு சின்ன ஃபைலில் எழுதி வைக்கிறது. அவரவர் அதைப் பென் டிரைவில் வைத்துக்கொண்டு, உட்காரும்போது போட்டு, எழும்போது பழையதைத் திருப்பி வைத்துவிட்டுப் போகலாம். கர்சர் மட்டுமில்லாமல் மற்ற அமைப்புகளும் அந்த ஃபைலோடு சேர்ந்து வரும் என்பதால், லேபின் அசல் ஃபைலை ஒரு காப்பி எடுத்து வைக்காமல் கைவைக்கக் கூடாது. இதை முதல் நாள் பயிற்சியாகவே வைத்தால் இன்னும் நல்லது: முதல் பீரியடில் சாம்பல், கறுப்பு, வெள்ளை என்று மூன்று பட்டை பூசு, மூன்றின் மேலும் உன் கர்சர் தெரிகிறதா பார், மெத்தென்ற பிரஷ்ஷால் ஒரு புள்ளி வைத்து வட்டத்துக்கு வெளியே எவ்வளவு வழிகிறது என்று பார், ரெக்கார்டு நோட்டில் எழுது. வெர்னியருக்கு எழுதுகிறோமே, அது மாதிரி.

எழுத்தில் மனுக் கொடுத்தோம். அண்ணன் படித்தார், தலையைச் சொறிந்தார். "மொத்த லேபுக்கும் முடியாதுப்பா. ஜன்னல் ஓரம் ரெண்டு மெஷின் எடுத்துக்கங்க. அதுல ஏதாவது ஆச்சுன்னா உங்க ரெண்டு பேர் பேரையும்தான் எழுதுவேன்" என்றார். அதற்கும் அவருக்கு நன்றி. மீதி மெஷின்களுக்கு அடுத்த வருஷப் பேரவைக்காரர்கள் கேட்க வேண்டும், நான் கோர்ஸ் முடித்துப் போய்விடுவேன்.

சிவில் தம்பி இப்போது சாயங்காலம் வருகிறான். அவன் வரைந்த, விடிகாலைப் பஸ் ஸ்டாண்டு படம் இந்த மலரின் நடுப்பக்கத்தில் இருக்கிறது. முழுக்கச் சாம்பலின் மேல் எழுப்பியது. அனிமேஷன் கோர்ஸுக்கு இந்த வருஷ அட்மிஷன் முடிந்துவிட்டதாம், மாமா அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

ஜன்னல் ஓரத்து மெஷின்களில் நீங்கள் உட்கார நேர்ந்தால் ஒரு வேண்டுகோள். முதல் மெஷினில் திரையில் கிராஸ்ஹேரும், கண்ணைப் பறிக்கிற நிறத்தில் ஒரு வட்டமும் தெரியும். மாற்றாதீர்கள், அது அவனுடையது. இரண்டாவதில் முக்கோணம் எதிர்ப்பக்கம் பார்த்தபடி இருக்கும். அது எலெக்ட்ரிகல் பிரிவு இடதுகைக்காரி ஒருத்தி வைத்தது. அவள் ஆறு மணிக்கு வருவாள்.